அட்மின் உரிமையும் ஒரு பென் டிரைவும்

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மாணவன் மனைவி, குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவில் இருக்கிறானாம். என்ன வேலை என்று கேட்டேன். "சார், ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கிற அட்மின் உரிமையைப் பிடுங்கணும். பிடுங்கின மறுநாளே அக்கவுண்ட்ஸ்காரங்க சாஃப்ட்வேர் ஓடலைன்னு வருவாங்க. அதை அட்மின் இல்லாம ஓட வைக்கணும். வருஷம் பூரா இதான்" என்றான். சிரித்தோம். அவன் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நான் வரலாற்று வாத்தியார் இல்லையா, இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அட்மின் என்றால் தலைமையாசிரியரின் சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கையில் நம் பீரோ சாவி மட்டும். அவர் கையில் எல்லா அறையும். கணினியில் இந்தப் பிரிவினை வந்ததற்கு ஒரே காரணம், ஒரு இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டதுதான். அமெரிக்காவின் எம்ஐடியில் 1961-இல் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டினார்கள். ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. 1966-இல் ஒரு கூத்தும் நடந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒருவர் அன்றைய அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் பட்டியலையும் திருத்தினார்கள். அந்தத் திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியதால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதற்குப் பிறகு உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொல்லும் வந்து நின்றது! பெரிய சாவி வைத்திருப்பவர் சிறிய தவறு செய்தாலும் ஊருக்கே பாதிப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸில் இந்தப் பெரிய சாவிக்காரருக்கு ரூட் என்று பெயர். சாதாரண ஆள் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கூடுதல் அதிகாரம் பெற டென்னிஸ் ரிட்சி ஒரு உத்தி கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமையே வாங்கினார்கள். 1975-இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு நிரலுக்கும் அந்த வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அதிகாரம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அதாவது இன்று என் மாணவன் மாரடித்துக்கொண்டிருக்கும் பாடம் 1975-லேயே எழுதியாகிவிட்டது.

பிறகு ஏன் மறந்தார்கள்? மறக்கவில்லை, தேவைப்படவில்லை என்று நினைத்தார்கள். 1981-இல் ஐபிஎம் பிசி வந்தது. அடிப்படை மாடலில் நினைவகம் 16 கேபி. மேசைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கணினி. ஒண்டிக்கட்டை வீட்டில் அறைக்கு அறை பூட்டு எதற்கு? டாஸில் கணக்கு கிடையாது, அனுமதி கிடையாது, எந்த நிரலும் எந்தக் கோப்பையும் தொடலாம். விண்டோஸ் 95-இல் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வரும், ஞாபகம் இருக்கிறதா? கேன்சல் அழுத்தினால் உள்ளே விட்டுவிடும். அதைக் கண்டுபிடித்த நாளில் நான் ஏதோ பூட்டை உடைத்தவன் மாதிரி பெருமைப்பட்டேன். உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இந்த 15, 20 வருடங்களில்தான் கடைக்கும் ஆபீசுக்கும் வேண்டிய வணிக மென்பொருள்கள் வளர்ந்தன. எழுதியவர்கள் ஒரு பழக்கத்துக்கு ஆளானார்கள். நிரல் எங்கே இருக்கிறதோ அங்கேயே பில், லெட்ஜர், அமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் எழுதி வைப்பது. மளிகைக் கடைக்காரர் கல்லாப்பெட்டியிலேயே கணக்கு நோட்டையும் வைப்பது போல. கடை முழுக்க அவருடையதாக இருக்கும் வரை அதில் தப்பில்லை.

டெக் கம்பெனியிலிருந்து வந்த டேவ் கட்லர் தலைமையில் மைக்ரோசாஃப்ட் 1993-இல் விண்டோஸ் என்டி வெளியிட்டது. அதில் ஒழுங்கான பூட்டுகள் இருந்தன. நிர்வாகி வேறு, சாதாரணப் பயனர் வேறு. ஆனால் அதற்கு 12 எம்பி நினைவகம் வேண்டும், அன்றைக்கு அது யானை விலை. பொதுமக்கள் 95, 98 பக்கமே நின்றார்கள். 2001-இல் எக்ஸ்பி வந்தபோதுதான் என்டியின் பூட்டுகள் வீட்டுக்கு வீடு வந்தன. வந்தும் என்ன? நிறுவும்போது உண்டாகும் கணக்குகள் எல்லாமே நிர்வாகிக் கணக்குகள். பூட்டு போட்டுவிட்டு, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டார்கள்.

அவர்கள் தரப்பும் புரிகிறது. சாதாரணக் கணக்கில் பழைய மென்பொருள்கள் ஓடவில்லை. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. நிரல் எழுதப் போகும், கதவு மூடியிருக்கும், அது என்ன ஏது என்று சொல்லத் தெரியாமல் விழுந்துவிடும். எழுதியவர் இதைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அவர் தன் கணினியில் எப்போதும் நிர்வாகி. எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாகப்படுவது இதுதான். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வினாக்கள் சுலபம்தான் என்று முடிவு செய்வது மாதிரி. நானும் செய்திருக்கிறேன்.

நடுவழியாக பவர் யூசர் என்று ஒரு பிரிவு வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் இருப்பவர் கொஞ்சம் முயன்றால் முழு நிர்வாகியாகவே ஆகிவிடலாம் என்று தெரிந்ததும் அதுவும் பயனற்றுப் போனது.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் துணிந்து இறங்கியது. நிர்வாகியாக இருந்தாலும் ஒவ்வொரு பெரிய காரியத்துக்கும் திரை மங்கி, அனுமதிக்கவா என்று கேட்கும். ஆப்பிள் கம்பெனி அதைக் கேலி செய்து விளம்பரமே எடுத்தது. மக்களை எரிச்சலூட்டுவதே நோக்கம், அப்போதுதான் மென்பொருள் எழுதுபவர்கள் திருந்துவார்கள் என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே 2008-இல் ஒரு மாநாட்டில் ஒப்புக்கொண்டார். அதில் இன்னொரு தந்திரமும் இருந்தது. பழைய நிரல் மூடிய ஃபோல்டரில் எழுதப் போனால், அதை ஏமாற்றி அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் ஒரு மூலையில் எழுத வைப்பார்கள். நிரல் பிழைத்தது. ஆனால் ஒரே கணினியை இரண்டு பேர் பயன்படுத்தினால் காலை ஷிஃப்ட்காரர் போட்ட பில் மாலை ஷிஃப்ட்காரருக்குத் தெரியாது! ஆளுக்கொரு நகல்.

என் மாணவன் செய்யும் வேலை இதைவிடப் பொறுமையானது. புராசஸ் மானிட்டர் என்று ஒரு இலவசக் கருவி. ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தொட்டது, எங்கே அனுமதி மறுக்கப்பட்டது என்று வரிவரியாகக் காட்டும். மறுக்கப்பட்ட வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஃபோல்டர், ஒன்றிரண்டு ரெஜிஸ்ட்ரி இடங்கள்தான் இருக்குமாம். அந்த இடத்துக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தால் போதும். "மொத்த சாவிக்கொத்தும் வேண்டாம் சார், ஒத்தச் சாவி."

அப்போது என் முகம் மாறியதை அவன் கவனித்தானா தெரியவில்லை.

2007-இல் நம் பள்ளி ஆபீஸ் கணினி எக்ஸ்பிதான். கணினி அறைக்கு ஆள் இல்லாமல் வரலாற்று வாத்தியாரான என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். தலைமையாசிரியருக்கு ஒரு கணக்கு, மதிப்பெண் ஏற்ற எனக்கு ஒன்று, கிளார்க் சாருக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று என்று ஒழுங்காகத்தான் வைத்தேன். கட்டணம் வசூலிக்கும் மென்பொருள் கிளார்க் சாரின் கணக்கில் திறக்கவில்லை. விற்றவரிடம் போனில் கேட்டேன். "அட்மின் குடுத்துடுங்க சார், ஓடும்" என்றார். கொடுத்தேன். ஓடியது. எனக்கும் நிம்மதி.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் விளையாட்டு விழாச் சான்றிதழ் பிரிண்ட் எடுக்கப் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் பென் டிரைவோடு வந்தான். கிளார்க் சாரின் கணக்கில்தான் செருகினான். பிரவுசிங் சென்டரிலிருந்து அதில் ஏதோ தொற்றியிருந்தது. சாதாரணக் கணக்காக இருந்திருந்தால் கிளார்க் சாரின் கோப்புகளோடு நின்றிருக்கக்கூடும். அட்மினாக இருந்ததால் மூன்று கணக்கும் போயிற்று. எல்லா வகுப்பு மதிப்பெண்ணையும் மறுபடி ஏற்றினோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்தி, "பள்ளிக்கூடத்தையே நாசம் பண்ண வந்தவன்" என்று மைக்கில் சொன்னேன். அவன் அப்பாவை வரச்சொல்லி, அவர் மில் லீவு போட்டுவிட்டு வந்து என் முன்னால் கைகட்டி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்தவன் அவன்தான். அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. நானும் அன்றைக்கு எடுக்கவில்லை, அவன் மனைவி பக்கத்தில் இருந்தாள், வாய் வரவில்லை.

அந்த வழிபாட்டுக் கூட்டத்தில் நின்ற உங்களில் பலர் இதைப் படிப்பீர்கள். அன்றைக்கு மைக்கில் சொன்னதை இன்றைக்கு இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாவிக்கொத்தைக் கொடுத்தவன் நான். தம்பி, அப்பா எப்படி இருக்கிறார் என்று நேற்று உனக்குச் செய்தி அனுப்பினேன், நீ இன்னும் பார்க்கவில்லை. ஊரில்தான் இருக்கிறார் என்றால் சொல், வருகிற சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.