சென்னையில் பனி பெய்ததா?

1815ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதி வாரத்தில் சென்னையில் பனி பெய்தது என்றொரு செய்தி சில ஆண்டுகளாக நாளிதழ்க் கட்டுரைகளிலும் வானிலை ஆர்வலர்களின் உரையாடல்களிலும் உலவி வருகிறது. திங்கட்கிழமை காலையில் 11 பாகை செல்சியசு. வெள்ளிக்கிழமை காலையில் உறைநிலைக்கும் கீழே 3 பாகை. இப்படி எண்ணும் கிழமையும் சேர்த்தே சொல்லப்படுவதால் கேட்பவர் மறுக்கத் தயங்குகிறார். நம் வட்டத்துக் கவிஞர்களுக்கும் இச்செய்தி பிடித்துப் போனதில் வியப்பில்லை. இராயபுரத்து மணலில் வெண்பனி, கரையேற்றிய கட்டுமரத்தின் மேல் வெண்பனி என்னும் காட்சி எவரைத்தான் இழுக்காது? ஆயினும் வரலாறு என்று ஒன்றைச் சொல்லுமுன் அதைச் சற்றுத் தட்டிப் பார்ப்பது நம் கடமை.

செய்திக்குப் பின்னணியாகக் காட்டப்படும் நிகழ்ச்சி உண்மையானது. இன்றைய இந்தோனேசியாவில் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815 ஏப்ரல் 10ஆம் நாள் வெடித்துச் சிதறியது. எழுதப்பட்ட வரலாற்றில் அதனினும் பெரிய வெடிப்பு இல்லை. அது வானில் ஏற்றிய கந்தகப் படலம் உலகைச் சூழ்ந்து கதிரொளியை மறைத்ததன் விளைவாக, 1816இல் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் கோடையே வரவில்லை. சூன் மாதத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பனி பெய்தது. செனீவா ஏரிக்கரையில் ஓயாத மழையில் அடைபட்டுக் கிடந்த இளம்பெண் ஒருத்தி ஒரு பேய்க்கதையை எழுதத் தொடங்கினாள், அதுவே 'பிராங்கன்ஸ்டைன்'. இந்தியாவிலும் பருவமழை தடுமாறியது.

ஆனால் இந்தக் குளிர்ச்சி மெல்லப் பரவியது. கந்தகப் படலம் உலகைச் சூழப் பல மாதங்கள் ஆயின. உலகச் சராசரி வெப்பத்தில் அதனால் ஏற்பட்ட சரிவும் ஏறத்தாழ அரைப் பாகையே. வெடித்த இரண்டே வாரத்தில் சென்னையை உறையவைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மேலும், சென்னை நிற்பது வடகுறுக்கை 13 பாகையில். ஆண்டுதோறும் ஏப்ரல் 24, 25 நாள்களில்தான் நண்பகல் ஞாயிறு நம் உச்சிக்கு நேராக வருகிறது. நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. பனி பெய்ததாகச் சொல்லப்படும் வாரம் அதுவே! அருகிலிருக்கும் வங்கக் கடலின் மேற்பரப்பு நீர் அப்பொழுது 28 பாகைக்கு மேல் இருக்கும். அக்கடலை ஒட்டிய மணற்கரையில் காற்று மட்டும் உறைநிலைக்குக் கீழே இறங்கிற்று என்றால், இடையே ஒரு மதில் எழுப்பியிருக்க வேண்டும். உறைபனி நான்கு நாள் நின்றிருந்தால் வாழைத் தோட்டமும் தென்னந்தோப்பும் கருகியிருக்கும். தீர்வையைத் தள்ளுபடி செய்யக் கோரிக் கும்பினியாரிடம் மனுக்கள் மலைபோல் குவிந்திருக்கும்.

அளக்க ஆளில்லாத காலமும் அன்று அது. எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அதிகாரி 1786இல் தம் சொந்த ஆர்வத்தால் ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். இன்று மொட்டைமாடியில் மழைமானி வைத்துக் கணக்கெழுதும் ஆர்வலர்களுக்கு அவரே முன்னோடி என்பேன். அதனைக் கும்பினி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மையத்து வளாகத்தில் நிற்கிறது. 1815இல் அங்கே வானூலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்காம். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கச் செய்து ஒலியின் வேகத்தை அளந்தவர் அவர். ஒவ்வொரு முறையும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் திசையையும் குறித்துவைத்தவர். அத்தகைய மனிதர் இருந்த ஊரில் வெண்பனி பெய்திருந்தால் அது ஊரறிந்த செய்தியாக அன்றே உலகெங்கும் போயிருக்கும். இருநூறு ஆண்டு கழித்துக் கிசுகிசுவாகக் கசிந்து வந்திராது.

சென்னையின் குளிருக்கு உண்மையான எல்லை எது? நுங்கம்பாக்கத்துப் பதிவில் மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை. 1895 டிசம்பர் 11ஆம் நாளும் 1905 சனவரி 29ஆம் நாளும் அந்த எண் எழுதப்பட்டது. மறு எல்லை 2003 மே 31ஆம் நாளின் 45 பாகை. இவ்விரண்டுக்கும் இடையில்தான் நம் வாழ்க்கை. மேகமற்ற மார்கழி, தை இரவுகளில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றே இங்குக் குளிரைக் கொண்டுவருகிறது. கடலோரத்து இராயபுரமும் திருவொற்றியூரும் உள்ளூர்களை விட ஓரிரு பாகை கதகதப்பாகவே இருக்கும். அந்தக் கதகதப்பு கடல் தரும் கொடை.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். 'பனி' என்பது நமக்குத் துளிக்கும் பனி. புல் நுனியில் நிற்பது, விடியலில் மூடுவது. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் மூன்றில் ஒரு பங்கை அதன் பெயரால் அழைத்தவர்கள் வானிலிருந்து பஞ்சுபோல் உதிரும் வெண்பனியை அறியாதவர்கள். நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்காலக் குளிரை எழுதிய பெரும்பாட்டு. அதில் மழையும் வாடையும் உடல் நடுக்கமும் நெருப்பும் உண்டு. உறைந்த நீர் இல்லை. தமிழ்நாட்டில் நிலம் வெளுப்பதைக் காண உதகைக்கு ஏறவேண்டும். அதுவும் புல்லின்மேல் படியும் உறைபனியே. பின்னாளில் ஈழத்திலிருந்து கனடாவுக்கும் நார்வேக்கும் புலம்பெயர்ந்த நம் கவிஞர்கள் முழங்கால் புதையும் பனியைச் சந்தித்தபோது கையில் இருந்ததும் இதே ஒரு சொல்தான். பழைய சொல்லின்மேல் புதிய எடை ஏறிற்று. சென்னையில் 'பனி' என்று யாரேனும் எழுதியிருப்பதைப் படித்து, அதை வெண்பனி என்று கொள்ளும் இன்றைய வாசகர் இந்த எடையை மறந்துவிடுகிறார்.

அப்படியானால் உண்மையான பனிக்காலம் எதுவும் சென்னைக் கரைக்கு வந்ததே இல்லையா? வந்தது; கப்பலில் வந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதத்தில் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் கரையாமல் மிஞ்சியது. 1842இல் சென்னையிலும் அதற்கென வட்டவடிவக் கட்டடம் எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். காய்ச்சல் கண்ட தலைக்கும் வெள்ளையர் விருந்துக் கோப்பைக்கும் அமெரிக்க ஏரியின் தண்ணீர்! நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் வழி வந்தபின் அந்த வணிகம் படுத்தது, கட்டடம் கைமாறிற்று. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதால் அது இன்று அவர் பெயரால் நிற்கிறது.

அப்பனிக்கட்டியைக் கரை சேர்த்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைவாய் தாண்டிச் சென்று சரக்கையும் மனிதரையும் ஏற்றி இறக்கும். அப்படகோட்டிச் சமூகத்தின் ஊர் இராயபுரம். இராயப்பர் என்னும் பேதுருவின் பெயரால் அமைந்த ஊர் என்பர். மாசசூசெட்ஸின் குளிரை முதலில் தோளில் உணர்ந்த தமிழர் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெயர்கள் கணக்கேட்டில் இல்லை. இன்றைக்கும் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் விடியற்காலை படகில் ஏறும் நொறுக்கிய ஐஸ்தான் வடசென்னையின் வெண்பனி. அதை அங்கே யாரும் பனிக்கட்டி என்று சொல்வதில்லை.

இக்கரையின் மெய்யான வானிலை வரலாறு குளிரில் இல்லை, புயலில் இருக்கிறது. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை அடுத்த மாதமே புயல் நொறுக்கியது. படகுகளை நம்பியிராமல் துறைமுகம் கட்ட 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பர் 12ஆம் நாள் புயல் வந்து அலைதடுப்புச் சுவர்களைப் புரட்டிப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். துறைமுகக் கைகள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே கரையோரம் நகரும் மணல் தடைபட்டுத் தென்புறம் குவிந்தது. அதுதான் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே போகவேண்டிய மணல் போகாததால் இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. தென்சென்னை காற்று வாங்கும் மணல் வடசென்னைக்கு வரவேண்டிய மணல். அதை எத்தனை கவிதைகள் சொல்லியிருக்கின்றன? திருவொற்றியூர்க் கரையில் இன்று அலைக்கும் வீட்டுக்கும் இடையே நிற்பது பாறாங்கல் குவியல்.

எண்ணூரின் பனிக்கு வேறொரு கதை உண்டு. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1960களின் இறுதியிலிருந்து எழுந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994இல் வந்தது. குளிர்ந்த மார்கழி விடியலில் நிலத்தை ஒட்டிய காற்று மேலெழாது. புகையும் அதனோடு கீழேயே தங்கிவிடும். பனித்துளி ஒவ்வொன்றும் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டே பிறக்கிறது. இங்கே அந்தத் தூசி கரியும் சாம்பலும். நம் மலரின் பக்கங்களிலும் 'எண்ணூர் மூடுபனி' என்று அழகாக எழுதப்படுவது பல நாள்களில் இந்தக் கலவைதான்.

வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்த இக்கரை மீனவருக்கு இந்தப் புதிய பனிக்குப் பெயரில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயலின் பெருமழை வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்துக்குள் இறங்கியது. படகும் வலையும் அலையாத்திச் செடியும் கருத்தன. கார்த்திகைக் குளிரில், இடுப்பளவு நீரில் நின்று, அந்த எண்ணெயை மீனவர்கள் வாளிகளால் அள்ளினார்கள்.