கடைக் காட்சியமைப்பு

கடைக் காட்சியமைப்பு என்பது விற்பனைக்குரிய பொருட்களை வாங்குவோர் கண்ணில் படும்படியும் எளிதில் எடுத்துப் பார்க்கும்படியும் அடுக்கி வைத்து, அந்த ஒழுங்கு குலையாமல் பேணுவதைக் குறிக்கும். அடுக்குதல் ஒருமுறை செய்யும் வேலை. பேணுதல் கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் தொடர்வது. தமிழ்நாட்டுத் துணிக்கடைகளில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டில் பெரிய கண்ணாடிப் பலகைகள் பரவலானபின் கடை முகப்பே விளம்பரமாயிற்று. அமெரிக்கரான எல். பிராங்க் பாம் 1897 இல் இத்துறைக்கென்றே 'தி ஷோ விண்டோ' என்னும் இதழைத் தொடங்கினார். 1900 இல் முகப்பு அலங்காரம் பற்றிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். அதே ஆண்டில் வெளிவந்த அவரது ஓஸ் மந்திரவாதி கதையே அவருக்குப் புகழ் தந்தது. லண்டனில் 1909 இல் திறக்கப்பட்ட செல்பிரிட்ஜஸ் அங்காடி, கடை மூடிய பின்னரும் தன் முகப்புக்கு விளக்கேற்றி வைத்தது.

துணிக்கடைகளில் பேணும் முறை

துணிக்கடையில் காட்சியைக் கலைப்பதே விற்பனையின் ஒரு பகுதியாகும். ஒரு சேலை வாங்க வருபவருக்குப் பல சேலைகள் விரித்துக் காட்டப்படுகின்றன. எஞ்சியவற்றைக் கரையும் முந்தானையும் வெளியே தெரியுமாறு மீண்டும் மடித்து, நிறவரிசை மாறாமல் அடுக்க வேண்டும். இதில் தாமதம் ஏற்பட்டால் அடுத்து வருபவர் காண்பது துணிக்குவியலையே.

பட்டுக்குத் தனிக் கவனம் தேவை. ஒரே மடிப்பில் நெடுநாள் இருந்தால் மடிப்புக் கோட்டில் இழை நைந்து போகும். ஆகவே அவ்வப்போது மடிப்பை மாற்றுவர். வெள்ளி கலந்த சரிகை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். பொம்மைக்கு உடுத்திய சேலை வெயில் படும் முகப்பில் இருந்தால் வெளிப்புறம் மட்டும் வெளுத்துவிடும். அத்தகைய சேலையை முழு விலைக்கு விற்க இயலாது. முகப்பில் உள்ளவற்றை அடிக்கடி மாற்றுவதற்குப் புதுமை மட்டுமே காரணம் அன்று. ஒளியுமிழ் இருமுனைய விளக்குகளில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு என்பதால் சேதம் குறையும். ஆயினும் மிகுந்த ஒளி தொடர்ந்து விழுந்தால் நிறம் மங்கவே செய்யும்.

மளிகைக் கடைகளில் பழைய சரக்கை முன்னும் புதியதைப் பின்னும் வைப்பதே முதன்மையான விதி.

பணியாளர் நிலை

அடுக்குகள் எப்போதும் ஒழுங்காகத் தோன்ற வேண்டும் என்பதன் சுமை விற்பனைப் பணியாளர் மீதே விழுகிறது. நாள் முழுவதும் நின்றுகொண்டே மடிப்பதால் கால் வீக்கம், முதுகுவலி, நாளப் புடைப்பு ஆகியன ஏற்படக்கூடும். சென்னைத் துணிக்கடைப் பணியாளர்களின் வாழ்வை வசந்தபாலன் இயக்கிய அங்காடித் தெரு (2010) திரைப்படம் சித்தரித்தது. பணியாளர் அமர்ந்திருப்பது கடையின் தோற்றத்தைக் கெடுக்கும் என்ற எண்ணம் உரிமையாளரிடையே நெடுங்காலம் நிலவியது. அமர்ந்தபடியும் சேலை மடிக்க முடியும் என்பதால் இதனை ஏற்பது கடினம். 2018 இல் கேரளமும், 2021 இல் தமிழ்நாடும் தத்தம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்க்கு இருக்கை வசதி அளிப்பதைக் கட்டாயமாக்கின. இதன்படி, பணிக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் அவர்கள் அமரலாம்.