உளநோய் மருந்துகளும் எலிகளின் அசைவும்

உளநோய் மருந்துகள் எலி போன்ற கொறிணிகளின் இயக்கத்திலும் நடத்தையிலும் உண்டாக்கும் மாற்றங்கள் ஆராயப்படுகின்றன. இந்த ஆய்வின் வேர்களில் ஒன்று இந்திய மூலிகையான சர்ப்பகந்தா. மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதைக் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதினர். 1952-இல் சீபா மருந்து நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்துப்பொருளைப் பிரித்தனர்.

ரெசர்பின் செலுத்திய எலி கூன் விழுந்து, இமை சரிந்து, அசைவற்றுக் கிடக்கும். நரம்பணுக்கள் டோபமின் என்னும் செய்திகடத்தும் வேதிப்பொருளைச் சேமிக்க முடியாமல் போவதே இதற்கு முக்கியக் காரணம். 1957-இல் ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன், உடலில் டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுத்து அத்தகைய விலங்குகளை மீண்டும் நடமாட வைத்தார். பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சைக்கு வழி திறந்த அருமையான சோதனை அது.

1958-இல் வந்த உளநோய் மருந்தான ஹாலோபெரிடால் டோபமினின் டி2 ஏற்பிகளை அடைக்கிறது. எலியின் முன்னங்கால்களைக் கிடைமட்டக் கம்பியின்மேல் தூக்கி வைத்தால், சாதாரண எலி உடனே இறங்கிவிடும். மருந்து ஏறிய எலியோ வைத்த நிலையிலேயே நிமிடக்கணக்கில் நிற்கும். மற்றோர் உளநோய் மருந்தான குளோசபின் வழக்கமான அளவில் இவ்விறைப்பைத் தருவதில்லை. நீண்டகாலம் ஹாலோபெரிடால் பெற்ற எலிகள் வெறும் வாயை மெல்லத் தொடங்குவதுண்டு.

மனிதரில் டி2 அடைப்பு ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் கூடும். இம்மருந்துகளால் சிகிச்சை பெறுவோர், இவை தோன்றினால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.