நித்திரை தந்த வேரின் கதை

நித்திரையின்மையும் மனச்சோர்வும் புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே அரிதானவை அல்ல. இவற்றை வைத்தியரிடம் எடுத்துரைக்கக் கூச்சப்படுவோர் ஊரிலிருந்து வேர்ப்பொடி வரவழைப்பதும், இங்குள்ள கடைகளில் மூலிகைக் குளிசை வாங்கி உண்பதும் உண்டு. “இயற்கையானதுதானே, என்ன தீங்கு வந்துவிடும்?” என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் ஒரு செடியின் வரலாறு எமக்குத் துணைபுரியும்.

அச்செடி சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் நித்திரையின்மைக்கும் அதன் வேரை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். பீகார் மாநிலத்தில் அதற்குப் ‘பைத்தியத்தின் மருந்து’ என்ற பெயரே வழங்கிற்று.

நவீன ஆய்வு 1931 இல் தொடங்கியது எனலாம். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் சித்தப்பிரமைக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இவ்வேர் பயன்படுவதை அவ்வாண்டு எழுதி வெளியிட்டனர். அதே ஆண்டில், டில்லி திப்பியாக் கல்லூரியில் பணியாற்றிய சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில சத்துகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். 1949 இல் பம்பாய் மருத்துவர் றுஸ்தம் ஜல் வகீல், இரத்த அழுத்த நோயாளரிடம் தாம் கண்ட பலனைப் பிரித்தானிய இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். அதன் பின்னரே மேற்குலகம் விழித்துக்கொண்டது.

1952 இல் சுவிஸ் நாட்டின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேரின் முக்கிய சத்தான றிசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். நியூயோர்க் மாநிலத்தின் றொக்லன்ட் மனநோய் மருத்துவமனையில் நாதன் கிளைன் அதனைப் பரிசோதித்து, 1954 இல் முடிவுகளை அறிவித்தார். கொந்தளிப்பிலிருந்த நோயாளர் பலர் அமைதியுற்றனர். கீழைத்தேய வேரொன்று மேலைநாட்டு மனநோய் மருத்துவத்தில் புதிய வழியைத் திறந்தது.

ஆயினும், கதை அத்துடன் முடியவில்லை. இரத்த அழுத்தத்துக்காக அதே மருந்தைப் பெருமளவில் உட்கொண்ட சிலர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாயினர் என்ற செய்தியும் 1954 இலேயே வெளிவந்தது. 1955 இல் அமெரிக்காவில் பேர்னாட் புறோடியும் அவரது குழுவினரும், றிசர்ப்பின் மூளையில் உள்ள செரடோனின் இருப்பை வற்றச் செய்வதைக் கண்டறிந்தனர். மனச்சோர்வுக்கான பிற்கால மருந்துகள் பற்றிய சிந்தனைக்கு அக்கண்டுபிடிப்பு வித்திட்டது. றிசர்ப்பினுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பு அத்துணை நேரானதன்று எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். எனினும், மனச்சோர்வு உள்ளவருக்கு இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கை நீங்கவில்லை.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? மனதை அமைதிப்படுத்தும் வலிமை வேருக்கு உண்டெனில், தீங்கு செய்யும் வலிமையும் அதற்கு உண்டு. றிசர்ப்பின் குளிசை மில்லிகிராமில் சிறு பின்னமாக அளந்து கொடுக்கப்பட்டது. பொதியில் வரும் பொடியில் எத்துணை உள்ளதென்பதை எவரும் அளப்பதில்லை. யேர்மனியில் மனச்சோர்வுக்கு விற்கப்படும் யொகான்னிஸ் மூலிகைக்கும் இது பொருந்தும். மிதமான சோர்வுக்கு அது உதவுவதுண்டு. ஆனால் கருத்தடைக் குளிசை, இரத்தம் உறையாதிருக்கும் மருந்து, மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உண்ணும் மருந்து ஆகியவற்றின் பலனை அது குறைத்துவிடும். மனச்சோர்வுக்கு வைத்தியர் தரும் குளிசையுடன் சேர்ந்தால் ஆபத்தும் விளையலாம்.

ஆகவே, மூலிகை உண்போர் அதனை வைத்தியரிடம் மறைத்தலாகாது. புட்டியையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துச் சென்று காட்டுவது நன்று. எழுதித் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. நித்திரையின்மை வாரக்கணக்கில் நீடிப்பின், அதனை ஒரு நோயாகவே கொண்டு வாய்திறந்து சொல்லவேண்டும். பைத்தியத்தின் மருந்து என்ற பெயரை எம்முன்னோர் வெட்கமின்றி வழங்கினர். நோயைச் சொல்ல நாம் வெட்கப்படுவது எதற்காக?