தீவட்டி பிடித்தவர்கள்: கூத்து ஜமாவின் உழைப்பு வரலாறு



தெருக்கூத்தைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து சேர்ந்திருக்கிறது. அடவு, தரு, விருத்தம், கட்டியங்காரனின் பகடி என எல்லாவற்றுக்கும் ஆய்வேடு உண்டு. அந்த இரவுக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது, திரையாகப் பிடித்த துணி யார் வீட்டுத் துணி, கூத்துப் பெட்டியை அடுத்த ஊருக்குச் சுமந்தது யார், ஆடியவர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற கேள்விகளுக்குத்தான் எழுத்து குறைவு. கம்பெனிகளில் இதற்கெல்லாம் இன்று மனிதவளத் துறை என்று தனி அறையே இருக்கிறது. ஆள் எடுப்பது, ஊதியம் பேசுவது, பயணம், தங்கல், சாப்பாடு, ஒருவர் படுத்துவிட்டால் மாற்று ஆள். ஊர் ஊராகப் போய் ஆடுகிற எந்தக் கலைக்கும் இந்த வேலைகள் உண்டு. விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கத்துக் கூத்தில் இவற்றைச் செய்தது யார், என்ன கூலிக்குச் செய்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கேஸ் லைட்டுக்கு முந்திய காலத்தில் கூத்துக் களத்தில் தீவட்டி பிடித்தவர்கள் வண்ணார்கள். கூத்து இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். அவ்வளவு நேரமும் தீவட்டிக்காரர் நிற்க வேண்டும். எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேஷக்காரர் நகர்ந்தால் வெளிச்சமும் கூடவே நகர வேண்டும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி வெளிப்படும் அந்தப் பிரமாதமான காட்சியை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் திரை இரண்டு பேர் கையில் பிடிக்கும் ஒரு துணி. அதையும் பெண் வேஷத்துக்கான சேலையையும் கொடுத்தவர்கள் அதே வண்ணார் வீட்டார். இன்ன நாளில் கூத்து என்று பறையடித்து ஊருக்குச் சொன்னவர் சேரியிலிருந்து போன வெட்டியான். சாமி புறப்பாட்டுக்கு அடித்ததும் சேரியின் பறைதான். இவற்றில் எதற்கும் கூலி பேசப்படவில்லை. முறை என்று பெயர். அறுவடைக் களத்தில் அள்ளிப் போட்ட நெல்லும் பண்டிகைக்குக் கிடைத்த சோறும்தான் கணக்கு.

சமூகவியல் முதுகலை வகுப்பில் இதை ஜஜ்மானி முறை என்று படித்தோம். வில்லியம் வைசர் ஒரு வட இந்தியக் கிராமத்தைப் பார்த்து எழுதிய நூல் 1936இல் வந்தது. ஒருவருக்கு ஒருவர் சேவை செய்துகொள்ளும் ஏற்பாடு என்றுதான் அது எங்களுக்குப் பாடமாக வந்தது. சாதியை ஒழிப்பது பற்றிய அம்பேத்கரின் உரை அச்சானதும் அதே 1936இல்தான். சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே மேல்கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று அவர் அதில் வாதிட்டார். இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்து ஏன் எங்களுக்கு நடத்தவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். கூத்து நடந்த இரவில் தீவட்டி பிடித்தவருக்கும் ஆடியவருக்கும் பாயில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் இடையில் இருந்தது சேவைப் பரிமாற்றம் என்றால், தீவட்டிக்காரர் ஒருநாள் வராமல் இருந்திருக்க முடியுமா? முடியாது. மறுத்துப் போக வழியில்லாத வேலைக்கு நம் மொழியில் வெட்டி என்று தனிச்சொல்லே இருந்தது.

ஆடியவர்களும் முழுக்கச் சுதந்திரமானவர்கள் அல்லர். வன்னியர், பறையர், வண்ணார், மருத்துவர், பண்டாரம் எனப் பல சாதியாரும் கூத்தாடியிருக்கிறார்கள். சில குடும்பங்களுக்குக் கூத்தாடுவதே ஊருக்குச் செய்ய வேண்டிய முறையாக இருந்து, பிறகுதான் அது பணம் பேசி ஆடும் தொழில்முறை ஜமாவாக மாறியது என்பதை ஹன்னே டி ப்ரூயின் தமது 1999ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டுகிறார்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தபோது கூத்தின் அழகு கெட்டது என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தீவட்டி வெளிச்சத்தில் கட்டைகளின் கண்ணாடிச் சில்லு மின்னுவது தனி அழகு என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெட்ரோமாக்ஸை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதன் பிறகு மைக் செட், டியூப் லைட், ஜெனரேட்டர். எல்லாவற்றுக்கும் ரேட் உண்டு, ரசீது உண்டு, பணம் வராவிட்டால் மெயினை அணைத்துவிடும் உரிமையும் உண்டு. வெளிச்சம் முறையிலிருந்து வாடகைக்கு மாறிய அந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டு உழைப்பு வரலாற்றில் ஒரு பத்தியாகவாவது எழுத வேண்டும். பறையடித்து அறிவிப்பது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. ஒலிபெருக்கி வந்து பல பத்தாண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில்தான், தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று தமிழக அரசு மாவட்ட நிர்வாகங்களுக்குச் சொன்னது.

இனி ஜமாவுக்கு வருவோம். ஜமா உருது வழியாக வந்த சொல், சேர்ந்த கூட்டம் என்று பொருள். தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் நடக்கும் ஜமாபந்தியும் இதே வேர்தான். ஒரு ஜமாவில் ஏறத்தாழ 15 பேர். வேஷக்காரர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு. நடுவில் வாத்தியார். அவர் ஆசிரியர், இயக்குநர், பெரும்பாலும் முதல் வேஷக்காரர். அதோடு ஆள் சேர்ப்பதும் கணக்குப் பார்ப்பதும் சண்டை தீர்ப்பதும் அவர்தான்.

பங்குனி தொடங்கி ஆடி கடக்கும்வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. ஊரின் வசதிப்படி 8, 10, 18 இரவுகள். ஊர்க்காரர்கள் தாம்பூலம் வைத்து வாத்தியாருக்கு அச்சாரம் கொடுப்பார்கள். சீசனுக்கு முன்பே வாத்தியார் தன் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும். முன்பணம் வாங்கியவர் அந்த சீசனில் வேறு ஜமாவுக்குப் போகக்கூடாது. நல்ல பெண் வேஷக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் முன்பணம் கூடுதல், ஏனென்றால் அவர்கள் கிடைப்பது அரிது. சீசன் அல்லாத மாதங்களில் பதினாறாம் நாள் காரியத்துக்கு கர்ண மோட்சம் ஆடக் கூப்பிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் கொளுத்து வேலை, கரும்பு வெட்டு.

கரும்பு வெட்டைச் சும்மா சொல்லவில்லை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை இருக்கும் பகுதி இது. கரும்பு வெட்டும் ஆட்களை மேஸ்திரி முன்பணம் கொடுத்துத்தான் கட்டுகிறார். செங்கல் சூளைக்கும் அப்படித்தான் குடும்பத்தோடு போகிறார்கள். முன்பணத்துக்கு ஈடாக வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமையை இழப்பதும் கொத்தடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்று என்கிறது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். அப்படியானால் கூத்து முன்பணம் என்ன?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சூளையில் முன்பணம் கொடுப்பவர் முதலாளி. ஜமாவில் முன்பணம் கொடுக்கும் வாத்தியாரே வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கிறார், அவரும் விடியும்வரை ஆடுகிறார், பல நேரம் கடைசியில் மிஞ்சுவது அவர் கடன்தான். முறைக்கு அழைக்கப்பட்ட தாத்தாவுக்கு ரேட் பேச வாய் இல்லை. முன்பணம் வாங்கும் பேரனுக்கு இருக்கிறது. இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கழியாமல் நாலு சீசன் ஒரே ஜமாவில் மாட்டிக்கொண்டவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்.

பக்கத்திலேயே நடந்த இன்னொரு ஏற்பாட்டோடு இதை ஒப்பிடலாம். தண்டவாளம் வந்த பிறகு சீன்களையும் பெட்டிகளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின. பல ரயில் பாதைகள் கூடும் விழுப்புரம் அவர்களுக்கு வழித்தலம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தொடங்கிய சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகளின் மனிதவளம் என்பது பசித்த வீடுகளின் பிள்ளைகள். மூன்று வேளைச் சோறு, தங்க கம்பெனி வீடு, பாட்டுப் பயிற்சி, தப்பினால் அடி. இதே விழுப்புரத்தில் 1928இல் பிறந்த சின்னையா மன்றாயர் மகன் கணேசன், தான் ஓர் அனாதை என்று சொல்லி ஒரு கம்பெனியில் சேர்ந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சிவாஜி என்று நாம் அறிந்தவர் அவர்தான்.

கம்பெனி வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் ஆதிதிராவிடர்களுக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது 1924இல். அந்தக் காலத்தில் ஒரே பந்தி என்பதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சோறு போட்டு ஆளெடுத்த இடத்தில், யாரோடு யார் சாப்பிடலாம் என்பதுதான் ஆளெடுப்பு விதி. பசி அதிகம் இருந்த சேரிக்கு அந்த வாசல் எளிதில் திறந்திருக்காது. கூத்தில் கதவு வேறு மாதிரி. சேரி தனக்கென்று ஜமா கட்டிக்கொண்டது. வாத்தியார் நம்மவர், அடுப்பும் நம்முடையது.

தெற்கே ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனியே கிடையாது. ஏஜென்ட் வழியாகத் தனித்தனியாகப் பேசி, வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். பெண்கள் நடிக்கிறார்கள், ஊருக்கு ஊர் நடிகர் சங்கம் இருக்கிறது. வடக்கே கூத்தில் சங்கம் தாமதமாகத்தான் வந்தது. பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்த பெ. ராஜகோபால் முதலானோர் காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை 1990இல் அமைத்தார்கள். 2002இலிருந்து 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் விடாமல் கூத்தும் கற்றார்கள், பெண் பிள்ளைகள் உட்பட. நான் பார்த்தவரை, ஆளைத் தயாரிப்பதையும் ஆளின் எதிர்காலத்தையும் சேர்த்து யோசித்த முயற்சி அது ஒன்றுதான்.

இந்த அவையில் மேல்பாதியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. விக்கிரவாண்டி வட்டத்து ஊர். அங்கே இருப்பதும் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில்தான், பாரதம் சொல்லும் மரபில் வந்த கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன நம் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7ஆம் தேதி கோயிலுக்கு சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவுப்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் நம் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. பாண்டவர்கள் சூதில் தோற்றுச் சபையில் நிற்கும் கதைக்குப் பறையடித்து ஆள் கூட்டிய மக்களுக்கு, அந்தக் கதையின் நாயகி குடியிருக்கும் வாசற்படி 2025 வரை இல்லை. பூசைக்கு மட்டும் திறக்கும் கோயிலில் திருவிழா ஏது? திருவிழா நின்றால் ஆடுகிறவர்களுக்கும் லைட் போடுகிறவர்களுக்கும் அத்தனை இரவுக் கூலி போகும். ஒரு சாதியின் பிடிவாதத்துக்கு இந்தக் கூலியையும் சேர்த்துத்தான் விலை எழுத வேண்டும்.

2020ஐயும் சொல்லியாக வேண்டும். மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது பங்குனி பாதிகூட ஆகவில்லை. அதாவது வாத்தியார்கள் முன்பணம் கொடுத்து முடித்திருந்தார்கள், முதல் பாரதம் தொடங்கவேண்டிய நேரம். ஆட்டம் நின்றது, முன்பணக் கடன் நிற்கவில்லை. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது. அதில் உறுப்பினர் அட்டை தனி ஆளுக்கு. கலைஞர் என்று நிரூபித்தால் கல்வி உதவி, திருமண உதவி, இறந்தால் ஈமச்சடங்கு உதவி. ஜமா என்ற அமைப்புக்கு, அதன் முன்பணச் சுமைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பெட்டி தூக்குபவர், வேன் ஓட்டுபவர், லைட் கட்டுபவர் என்று விடியும்வரை கூடவே விழித்திருக்கும் ஆட்கள் கலைஞர் கணக்கில் வருவதில்லை. இந்தச் சீசனில் வாத்தியார்கள் முன்பண நோட்டுப் புத்தகத்தை நம் அமைப்புத் தோழர்களிடம் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். விக்கிரவாண்டி, மயிலம், வானூர் பகுதியில் எத்தனை ஜமா, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆள், யாருக்கு எவ்வளவு பாக்கி, லைட்காரர் பெயர் உட்பட, ஆடி முடிவதற்குள் எழுதி எடுத்துவிட வேண்டும்.