வழிகாட்டுவார் யார்?
மாணவர் தொண்டின் வரலாறும் சிகாமட்டும்

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், சிகாமட் ஆற்றின் கரையில் அமைந்தது சிகாமட் நகரம். 1909இல் முடிவுற்ற ஜொகூர் இருப்புப்பாதையும், அதனைத் தொடர்ந்து பெருகிய இரப்பர்த் தோட்டங்களும் இவ்வட்டாரத்தில் தமிழரைக் குடியேற்றின. இன்று இங்கே உயர்கல்வி நிலையங்கள் உள்ளன. கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டிய குடும்பங்களும் உள்ளன. இவ்விரண்டும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருத்தல் கூடும். ‘மாணவர்க்குத் தொண்டு மனப்பான்மை இல்லை’ என்று குறை கூறுவோர் பலர். வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது. மனம் எங்கும் இருந்தது. வழிகாட்டுவார் இருந்த இடத்திலேயே அது தொண்டாக நிலைத்தது.

1884ஆம் ஆண்டு, இலண்டனில் வறியோர் நெருங்கி வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியில், சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர்தம் துணைவியார் ஹென்ரியேட்டாவும் டாயின்பி மாளிகையை நிறுவினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகங்களில் பயின்றோர் அங்கேயே தங்கி, அண்டை அயலாருக்குப் பாடம் சொல்லியும் அவர்தம் இடர்களை ஆராய்ந்தும் வந்தனர். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான அட்லியும், சமூகக் காப்புத் திட்டம் வகுத்த பெவரிட்ஜும் அம்மாளிகையில் பணியாற்றியவர்களே. தொண்டு செய்ய விரும்பிய இளைஞன் தெருத் தெருவாக அலைய வேண்டியதில்லை. தேவை இருந்த இடத்திலேயே அவனுக்கு இருப்பிடமும் அமைந்தது.

இந்தியாவில் 1969 செப்டம்பர் 24இல், காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக் கழகங்களில் 40,000 மாணவருடன் தொடங்கிற்று. அதன் உயிர்நாடி, ஒவ்வோர் அணிக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவரைத் திட்ட அலுவலராக அமர்த்தியதாகும். ஊரைத் தேர்ந்து, ஊராரோடு பேசி, மாணவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு அவருடையது.

மலேசியாவில் இவ்வழி நேராக அமையவில்லை. 1974இல் இரப்பர் விலை வீழ்ச்சியால் கெடாவின் பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள் வறுமையுற்றனர். அவர்களுக்காக மாணவர் கோலாலம்பூரில் குரல் எழுப்பினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். மறு ஆண்டே பல்கலைக் கழகச் சட்டம் திருத்தப்பட்டு, வெளி அமைப்புகளோடு மாணவர் கொள்ளும் தொடர்பு இறுக்கப்பட்டது. அரசியல் கட்சிகளில் மாணவர் சேர்வதற்கான தடை 2012இல்தான் தளர்ந்தது. ஏழைக்காகப் பேசப் புறப்பட்டவன் எங்கே நிற்பது என்ற ஐயம் ஒரு தலைமுறையைத் தொடர்ந்தது எனலாம்.

அவ்விறுக்கமான காலத்தில் ஒரு வாயில் திறந்தது. மலாயாப் பல்கலைக் கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தோற்றுவித்தார். பல்கலைக் கழக மாணவரும் பட்டதாரிகளும் அதில் தொண்டூழிய ஆசிரியராக நின்று, இந்திய மாணவர்க்குத் தேர்வுப் பாடங்களைக் கற்பித்தனர். கற்பிக்கும் ஆற்றல் மாணவரிடம் முன்னரே இருந்தது. எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்தப் பிள்ளைக்கு என்பதை வகுத்துத் தர ஓர் அமைப்பே தேவைப்பட்டது, அது கிடைத்தது.

சிகாமட்டில் இத்தேவை மேலும் கூர்மையானது. தோட்டங்கள் இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோதும், பின்னர் துண்டாடப்பட்டபோதும், லயன்களில் ஒன்றாக வாழ்ந்த குடும்பங்கள் பல தாமான்களில் சிதறின. முன்பு ஒரு தோட்டத்துக்குச் சென்றால் தேவை கண்ணெதிரே நின்றது. இன்று அதனைத் தேடிக் கண்டறிய வேண்டும். 2006 திசம்பரில் ஏறிய பெருவெள்ளம் நகரையே மூழ்கடித்தது. அத்தகைய வேளையில் உதவ ஓடி வருவோர் பலர். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எங்கே முதியவர் தனித்திருக்கிறார் என்று அறிந்தோர் சிலரே.

2011இல் மொனாஷ் பல்கலைக் கழகம் சிகாமட்டில் தென்கிழக்காசியச் சமுதாய ஆய்வு நிலையத்தைத் தொடங்கிற்று. பெக்கோக், சாஆ, கெமரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்களில் உள்ளூராரே பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று, குடும்ப நிலையையும் உடல் நலத்தையும் பதிவு செய்தனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் என எல்லா இனத்தாரும் அப்பதிவில் அடங்குவர். வெளியூர் மாணவர் இங்கு வந்து பயின்றபோது, அவர்களை ஊராரிடம் அழைத்துச் சென்றவர்களும் உள்ளூராரே. ஆய்வு நோக்கில் பிறந்த நிலையமாயினும், தொண்டுக்கும் அது ஒரு பாடம் தருகின்றது: ஊரை அறிந்த பின்னரே உதவி.

இந்த நான்கு முயற்சிகளிலும் ஒன்று பொதுவாகக் காணப்படும். மாணவர்க்கும் ஊருக்கும் நடுவே ஒருவர், அல்லது ஓர் அமைப்பு, நிலையாக இருந்தது. ஒரு நாள் கூடிப் படம் பிடித்துக்கொண்டு கலையும் தொண்டுக்கு அத்தகைய நடுவர் வேண்டா. வாரந்தோறும் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரும் தொண்டுக்குக் கட்டாயம் வேண்டும். ஏனெனில் மாணவன் மூன்றாண்டில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவான். பிள்ளையின் படிப்போ அதற்குப் பின்னும் தொடரும்.

சிகாமட்டில் அந்நடுவர் நிலையில் நிற்கத் தக்கவர் தமிழாசிரியரே. எந்தப் பிள்ளை பசியோடு பள்ளிக்கு வருகின்றது, எந்த வீட்டில் படிக்க இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். தேவைகளை ஓர் ஏட்டில் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் மாணவர் மன்றத்திடம் கொடுத்தாலே போதும். தொண்டுக்கு வழி திறந்துவிடும்.