கொலைச் சிந்தும் சட்டையின் சாட்சியமும்

எங்கள் எறையூருக்கு ரயில் கிடையாது, பெரம்பலூருக்கும் கிடையாது. ரயிலேற வேண்டுமாயின் அரியலூருக்குத்தான் செல்லவேண்டும். அங்ஙனம் சென்று திரும்பும் போதெல்லாம் என் நன்னா அவர்கள் மடியில் ஒரு சிறு பாட்டுப் புத்தகம் இருக்கும். சந்தைகளிலும் ரயில் வண்டிகளிலும் பாடிப்பாடி விற்கப்பெற்ற அந்நூல்களுக்குக் 'கொலைச் சிந்து' என்று பெயர். மட்டத் தாள், சில பக்கங்கள், மலிவான விலை. புலவர் பெருமக்கள் அவற்றை இலக்கியத்தின் வாசலிலும் நிறுத்தியதில்லை. ஆயினும், எழுத்தறியாத மாந்தரும் அவற்றைக் கண்கொட்டாமல் கேட்டிருந்தனர் என்பது மெய்.

அவர்களைக் கட்டிப்போட்டது எது? நன்னா அவர்கள் அடிக்கடி சொல்லக் கேட்ட ஆளவந்தார் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1952 ஆகஸ்டு 28-ஆம் நாள் சென்னையில் ஆளவந்தார் என்னும் வணிகர் கொலையுண்டார். இவ்வளவே சொன்னால் அது செய்தி. கேட்டவர் மறுநாளே மறந்துவிடுவார். ஆனால், தனுஷ்கோடி நோக்கிச் சென்ற போட்மெயில் வண்டியில் துர்நாற்றம் எழுந்தது. மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. அதனுள் தலையில்லாத உடல் இருந்தது. தலையோ இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது என்று சொல்லுங்கள். பின்னர் ரயிலேறும் ஒவ்வொருவனும் தன் இருக்கையின் அடியில் குனிந்து பார்ப்பான். நன்னா அவர்களும் பார்த்திருக்கிறார்கள். தாமே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

அவ்வழக்கில் நுணுக்கங்கள் கதைக்கு அணியாக மட்டும் இருக்கவில்லை. தலை வேறு, உடல் வேறாகக் கிடைத்தவர் இன்னார் என்று நிறுவ, உடற்கூறு வல்லுநர் சிறு சிறு அடையாளங்களையே நம்பவேண்டியிருந்தது. பிரபாகர மேனனுக்கு ஏழாண்டும், அவர் மனைவி தேவகிக்கு மூன்றாண்டும் தண்டனை விதித்த நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர், தாமே கதைகளும் நாடகங்களும் எழுதியவர் என்பதையும் ஈண்டுக் குறிக்கலாம்.

மாணவர்களுக்கு யூசுஃப் அத்தியாயத்தை ஓதிக்கொடுக்கும் போதெல்லாம் எனக்கு இச்சிந்துகளே நினைவுக்கு வரும். அங்கே வரும் சட்டைகளுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் சகோதரர்கள் பொய்யிரத்தம் தோய்த்துத் தந்தையிடம் கொண்டுவந்தனர். மற்றொன்று பின்புறம் கிழிந்திருந்தது. அக்கிழிசலே யூசுஃப் நபி (அலை) அவர்கள் குற்றமற்றவர் எனக் காட்டியது. இரண்டும் கண்முன் நிற்கும் நுணுக்கங்களே. ஒன்று புனைந்தது, மற்றொன்று சாட்சி.

முதல் சட்டையின் கதைதான் 1944-இல் சென்னையில் நடந்தது என்பேன். 'இந்து நேசன்' என்னும் ஏட்டை நடத்திய லட்சுமிகாந்தன், திரையுலகத்தாரின் அந்தரங்கங்களை அருகிருந்து கண்டவர் போல எழுதிவந்தார். விற்பனைக்குக் குறைவில்லை. நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றபோது குத்துண்டு, மறுநாள் மாண்டார். பிறரைப் பற்றி எழுதியவரே அதன்பின் பிறர் எழுதும் பொருளானார். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர், 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். அப்ரூவராக மாறியவன் சொன்ன விவரங்கள் அத்துணைத் தெளிவாக இருந்தன! வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியது. 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுத்தீன் ஆகியோர் அதனை மீண்டும் ஆராய்ந்து இருவரையும் விடுவித்தனர். ஹதீஸ் கலையில் நாம் செய்வதும் இதுவே: செய்தி எத்துணை அழகாயினும், அறிவிப்பாளர் யார் என்று முதலில் கேட்கிறோம்.

பாகவதர் வெளியே வந்தார். ஆனால், பழைய செல்வாக்கு அவருக்குத் திரும்பவில்லை, 1959-இல் காலமானார்.

நன்னா அவர்கள் அந்தக் குத்து நடந்த விதத்தைத் தாம் வேப்பேரியில் நின்று பார்த்ததுபோலவே சொல்வார்கள். "அவங்களைத்தான் கோர்ட்டிலே விட்டுட்டாங்களே, அத்தா" என்று ஒருநாள் என் தகப்பனார் சொன்னார்கள். நன்னா அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "விட்டா என்ன? பாட்டுக்காரன் அவ்வளவு விவரமாப் பாடுறானே, சும்மாவா பாடுவான்?" என்றார்கள்.